கூடத்தில் ஒரு கோம்பை

சாயங்காலம் ஆனதும் குட்டி வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. அடிப்பதா, கட்டிப்போடுவதா, ஓடட்டும் என்று விடுவதா? கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

பண்ணைப்புரத்தில் பொழுது சாய்கிறது. மேற்கு மலைக்குப் பின்னால் வெயில் இறங்கிவிட்டது. குழாயடியிலிருந்து கொண்டுவந்த குடங்களை வாசல்படியில் இறக்கிவிட்டு மருமகள் உள்ளே வருகிறாள். கட்டிலுக்கு அடியிலிருந்து செவலை நிறத்தில் ஒன்று பாய்கிறது.

கூடத்தை ஒரு சுற்று. அடுப்படிக்குள் புகுந்து வெளியே. டி.வி. மேசையில் மோதி, டைல்ஸில் பின்னங்கால் வழுக்கி, வயிற்றால் சறுக்கிப் போய்ச் சுவரில் இடித்து, எழுந்து மறுபடியும் ஓட்டம். காது இரண்டும் பின்னால் மடிந்திருக்கின்றன. பின்பக்கத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்னே என்ன இருக்கிறது என்ற கணக்கே இல்லாமல் ஓடுகிறது. முறத்தில் புடைத்து வைத்திருந்த உளுந்து நாலா பக்கமும் சிதறுகிறது. "ஏய்... ஏய்... புடிங்கடா அத!" பையன் துரத்துகிறான், குட்டிக்கு உற்சாகம் இரண்டு மடங்காகிறது. நாற்காலியில் இருந்த அப்பத்தா காலை மேலே தூக்கி வைத்துக்கொள்கிறார். "கிறுக்குப் புடிச்சிருச்சுடா இதுக்கு. கட்டிப் போடுங்கடா."

இரண்டு மூன்று நிமிடம்தான். குட்டி நடுக்கூடத்தில் பொத்தென்று விழுந்து, நாக்கைத் தொங்கப்போட்டு, எல்லோரையும் வேடிக்கை பார்க்கிறது.

சென்னை அடுக்ககத்து லேப்ரடாரும் கோவை வீட்டு பீகிளும் இதைத்தான் செய்கின்றன. நாய் வளர்க்கும் இளவட்டங்கள் இதற்கு 'ஜூமிஸ்' என்று பெயர் சொல்லி, போனில் படம்பிடித்துப் போடுகிறார்கள். படம் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு. அந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு அப்படியில்லை. அதிலும் பண்ணைப்புரத்துக் கூடத்தில் ஓடுவது கோம்பைக் குட்டி என்றால், கதை கொஞ்சம் பழையது.

பக்கத்து ஊர்க்காரன்

பண்ணைப்புரம் என்றால் உலகத்துக்கு இளையராஜா. உத்தமபாளையத்திலிருந்து தேவாரம் போகும் சாலையில், பண்ணைப்புரத்துக்கு முன்னால் வருகிற ஊர் கோம்பை. நாய்ப் பிரியர்களுக்கு அது ஊர் என்பது இரண்டாவதாகத்தான் நினைவுக்கு வரும். முதலில் வருவது அந்த ஊரின் பெயரைத் தாங்கிய நாய்: செவலை உடம்பு, கருத்த முகவாய், நடுத்தர உயரம், இறுகிய தசை. மலையடிவாரத்தில் காட்டுப்பன்றியை மடக்கவும், பாளையக்காரரின் வீட்டையும் தோட்டத்தையும் காக்கவும் வளர்க்கப்பட்ட இனம். முயலைத் துரத்தும் சிப்பிப்பாறையும் கன்னியும் நெடுந்தூர ஓட்டக்காரர்கள். கோம்பையின் வேலை வேறு: பதுங்கு, பாய், திரும்பு, மடக்கு. எல்லாம் சில நிமிடங்களுக்குள்.

1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமானது, நாயின் பழைய வேலையும் அத்தோடு போனது. அல்சேஷனும் பொமரேனியனும் நகரத்து வீடுகளைப் பிடித்துக்கொள்ள, நாட்டு நாய் பல ஆண்டுகள் தோட்டக் காவலோடு நின்றது. 2005-ல் இந்திய அஞ்சல் துறை நான்கு நாயினங்களுக்குத் தபால்தலை வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது ராஜபாளையம் மட்டும். 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு நாட்டு மாடு, நாட்டு நாய் என்ற பேச்சு ஊரெல்லாம் பரவியது. அதே ஆண்டில் சு. தியடோர் பாஸ்கரன் இந்திய நாயினங்களைப் பற்றி எழுதிய ஆங்கில நூலும் வந்தது. 2020 ஆகஸ்டில் பிரதமர் தன் 'மனதின் குரல்' வானொலி உரையில் ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை எனப் பெயர் சொல்லி, நாய் வாங்குகிறவர்கள் நாட்டு இனத்தை வாங்குங்கள் என்றார். அந்த ஆண்டு தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் நாயினங்களை முறைப்படி பதிவு செய்தபோது ராஜபாளையம், சிப்பிப்பாறை, கர்நாடகத்து முதோல் மூன்றும் ஏறின. கோம்பை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனாலும் கேட்பவர்கள் கூடிவிட்டார்கள். தோட்டத்தில் வளர்ந்த நாயின் குட்டி கூடத்துக்கு வந்தது இப்படித்தான்.

பெருமைக்குக் குறைவில்லை. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில், பல்லவர் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அந்த நாய்க்குக் கோவிவன் என்று பெயரும் பொறித்திருக்கிறார்கள். 1,400 வருடத்துப் பெருமை சரிதான். சாயங்காலம் ஆறு மணிக்கு உளுந்து பொறுக்குவது யார் என்ற கேள்விக்கு நடுகல்லில் விடை இல்லை.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இது கிறுக்கு இல்லை. கெட்ட பழக்கமும் இல்லை. நல்ல ஆரோக்கியத்தோடு இருக்கிற குட்டி ஓடும். இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை அதிகமாக ஓடும். ஒன்றரை, இரண்டு வயதில் தானாகக் குறையும். கிழ நாயும் எப்போதாவது ஒரு சுற்று ஓடிக் காட்டும்.

நேரமும் பெரும்பாலும் தெரிந்ததுதான். விடியற்காலை, பொழுது சாயும் நேரம். குளிப்பாட்டித் துடைத்துவிட்ட மறு நிமிடம். மலம் கழித்த உடனே. வெகுநேரம் கட்டிக் கிடந்து அவிழ்த்துவிட்டதும். வீட்டு ஆள் வெளியே போய்த் திரும்பியதும். ஆடிக் காற்று பள்ளத்தாக்கில் வீசத் தொடங்கி, மேற்கே சாரல் கட்டும் நாட்களில் குட்டிகளுக்குக் கொண்டாட்டம் கூடும் என்பதைக் கம்பம் பக்கத்து ஆட்கள் கண்ணால் பார்த்திருப்பார்கள்.

ஏன் ஓடுகிறது என்பதற்கு ஒற்றை வரியில் பதில் இல்லை. அடக்கி வைத்த சுறுசுறுப்பு ஒரேயடியாக வெளியேறுகிறது என்பது பொதுவான விளக்கம். இதைவிடச் சுவையான விளக்கம் ஒன்று உண்டு. 2001-ல் மாரெக் ஸ்பிங்கா, ரூத் நியூபெரி, மார்க் பெக்காஃப் என்ற மூன்று ஆய்வாளர்கள், பாலூட்டிகள் ஏன் விளையாடுகின்றன என்று எழுதினார்கள். எதிர்பாராததற்குப் பழகத்தான் விளையாட்டு என்பது அவர்கள் வாதம். குட்டி வேண்டுமென்றே தன் உடம்பின் பிடியை இழக்கிறது; சறுக்குகிறது, புரள்கிறது, தடுமாறுகிறது; பிறகு சமாளித்து எழக் கற்றுக்கொள்கிறது. பன்றி திடீரெனத் திரும்பிப் பாய்ந்தால் விலகத் தெரியாத கோம்பை அந்தக் காலத்தில் அடுத்த நாளைப் பார்த்திருக்காது. இன்றைக்குப் பன்றி இல்லை, சோபா இருக்கிறது. குட்டி சோபாவைச் சுற்றிப் பழகுகிறது.

வளர்ப்பவர்கள் கண்டுகொள்ளாத ஒரு காரணமும் இருக்கிறது: தூக்கம். சிறு குட்டி ஒரு நாளில் 18 மணி நேரம் வரை தூங்கும், தூங்க வேண்டும். பள்ளிவிட்டு வந்த பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள், மாமா வீட்டு விருந்தாளிகள் என்று ஆளாளுக்குத் தூக்கிக் கொஞ்சினால் குட்டிக்குத் தூக்கம் கெடுகிறது. தூக்கம் கெட்ட கைக்குழந்தை படுக்காமல் அடம்பிடித்துக் கத்துவதை வீட்டில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். குட்டி கத்துவதற்குப் பதிலாக ஓடும், கடிக்கும். அந்த நேரத்தில் அதற்குத் தேவை இருட்டான ஒரு மூலையும் சாக்குப் படுக்கையும்.

[பெட்டிச் செய்தி] ஓட்டமா, நோயா?

விளையாட்டு ஓட்டம் சில நிமிடங்களில் தானே அடங்கும். நடுவில் குட்டி முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்பக்கத்தை உயர்த்தி, 'வா, விளையாடலாம்' என்று அழைக்கும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் காது திரும்பும். அடங்கியதும் தண்ணீர் குடிக்கும், படுக்கும், சாப்பிடும்.

ஒரே பக்கமாக வட்டமடித்துக்கொண்டே இருப்பது, வெகுநேரம் வாலைத் துரத்திக் கடிப்பது, தலையை உதறிக்கொண்டே ஓடுவது, பின்பக்கத்தைத் தரையில் தேய்ப்பது: இவற்றுக்குக் காதுப் புண், உண்ணி, குடற்புழு, ஆசனவாய்ச் சுரப்பி அடைப்பு என்று காரணம் இருக்கலாம். விழுந்து கைகால் வெட்டி இழுத்தால் அது வலிப்பு. உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

எச்சில் ஒழுகுகிறது, குரல் மாறிவிட்டது, எதிரில் பட்டதையெல்லாம் கடிக்கிறது, விழுங்க முடியவில்லை என்றால் அருகில் போகாதீர்கள். அறையை அடைத்துவிட்டுக் கால்நடை மருத்துவரை அழையுங்கள். வெறிநோயாக இருக்கலாம்.

தரைதான் எதிரி

நம் வீட்டுத் தரையின் சரித்திரத்தை நாய்க்காலில் நின்று பார்த்தால் வேறாகத் தெரியும். சாணி மெழுகிய மண் தரை, அடுத்து சிவப்புக் காவி பூசிய சிமெண்டுத் தரை, அதற்கப்புறம் மொசைக், இப்போது விட்ரிஃபைடு டைல்ஸ், கிரானைட். ஒவ்வொரு படியிலும் தரை வழவழப்பானது. நாயின் நகம் மண்ணைக் கவ்வி ஓடுவதற்கு உண்டானது. டைல்ஸில் நகத்துக்கு வேலை இல்லை. வேகமாக ஓடிவந்து திரும்பும்போது கால் நாலும் நாலு திசைக்குப் போகிறது.

சிரிக்க வைக்கிற இந்தச் சறுக்கலில்தான் உண்மையான ஆபத்து இருக்கிறது. வளரும் குட்டியின் எலும்பு நுனிகளில் குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் இருக்கும். எலும்பு நீள்வது அங்கேதான். எலும்பிலேயே வலுக் குறைந்த இடமும் அதுதான். நடுத்தர நாய்களுக்கு ஏறக்குறைய ஒரு வயதிலும், பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயது வரையிலும் இந்தத் தட்டுகள் மூடிக்கொள்கின்றன. அதற்கு முன் அடிபட்டால் எலும்பு கோணலாக வளரலாம். ஒரு காலைவிட இன்னொன்று குட்டையாகிவிடலாம்.

நார்வேயில் லேப்ரடார், நியூஃபவுண்ட்லாந்து, லியோன்பெர்கர், ஐரிஷ் வுல்ஃப்ஹவுண்ட் என்ற நான்கு பெரிய இனங்களின் சுமார் 500 குட்டிகளைப் பிறந்தது முதல் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவுகள் 2012-ல் வெளிவந்தன. பிறந்து மூன்று மாதத்துக்குள் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு அதிகம். அதே வயதில் மெத்தென்ற மண்ணில், கயிறில்லாமல் ஓடித் திரிந்த குட்டிகளுக்குக் குறைவு. கோம்பை அந்த ஆய்வில் இல்லை, உடம்பும் அத்தனை கனம் கிடையாது. ஆனாலும் பாடம் நமக்கும்தான். குட்டி ஓடுவதில் கெடுதல் இல்லை. ஓடுகிற தரையைப் பார்க்க வேண்டும்.

இதற்குப் பெரிய செலவு கிடையாது. குட்டி ஓடும் தடம் எந்த வீட்டிலும் ஒன்றேதான். இரண்டு நாள் கவனித்தால் தெரிந்துவிடும். அந்தத் தடத்தில், முக்கியமாகத் திரும்புகிற மூலைகளில், தென்னை நார்ப் பாயோ அடியில் ரப்பர் ஒட்டிய மிதியடியோ போட்டால் போதும். பழைய சேலையும் போர்வையும் விரித்தால் அவையும் சேர்ந்து வழுக்கும், அதைவிட வெறும் தரையே மேல். நகத்தை வெட்டிவிடுங்கள். மாடிப்படி ஆரம்பத்தில் ஒரு பலகைத் தடுப்பு. மொட்டை மாடியை ஓட்டப் பந்தயத் திடலாக்குகிறவர்கள் கைப்பிடிச் சுவரை ஒருமுறை அளந்து பாருங்கள். ஓடும் வேகத்தில் குட்டிக்குச் சுவர் எங்கே முடிகிறது என்ற கணக்கு இருக்காது.

அப்பத்தாவின் பயத்தையும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அறுபது, எழுபது வயதில் கால் இடறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறிகிறது; படுக்கையில் விழுந்தவர் எழுந்து நடமாட மாதங்கள் ஆகின்றன. சிலர் எழுவதே இல்லை. குட்டி ஓடும் நேரம் தெரிந்ததுதான். அந்த நேரத்தில் பெரியவர்கள் உட்கார்ந்திருக்கட்டும், அல்லது குட்டி வெளியே இருக்கட்டும்.

பல் பட்டால் கழுவு

ஓட்டத்தின் உச்சத்தில் குட்டி கடிக்கும். கோபத்தால் இல்லை, ஓடுகிற காலைக் கண்டால் கவ்வ வேண்டும் என்பது வேட்டை நாயின் உடம்பிலேயே இருக்கிறது. பால் பல் ஊசி மாதிரி இறங்கும். பையன் ஓட ஓட, பின்னங்காலில் கீறல். "குட்டிதானே, பால் குடிக்கிற வயசு, விஷம் இருக்காது" என்று மஞ்சள் பூசிவிட்டுப் போகிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. இது ஆபத்தான நம்பிக்கை.

வெறிநோய்க் கிருமிக்கு வயது வித்தியாசம் தெரியாது. தெருவில் கண்டெடுத்த குட்டி, தாய்க்கு ஊசி போட்டார்களா என்றே தெரியாமல் சந்தையில் வாங்கிய குட்டி, இவற்றின் கீறலையும் கடியாகவே பார்க்க வேண்டும். உலகில் வெறிநோயால் இறப்பவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களில் பிள்ளைகள் அதிகம். நோய்க்குறி தெரிந்த பிறகு காப்பாற்ற வழியில்லை. அதற்கு முன்னால் வழி மிக எளிது: ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி எதுவும் வேண்டாம். அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையம். ஊசி இலவசம், முதல் நாள் போட்டதும் 3, 7, 28-ஆம் நாட்களில் மறுபடி போட வேண்டும். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றிப் போடும் எதிர்ப்புச் சத்து ஊசியும் தேவை.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் தடுப்பூசி தொடங்கும். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. பிறகு மருத்துவர் சொல்கிறபடி மறு ஊசியும் வருடா வருட ஊசியும். தேனியிலேயே 2020 முதல் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. கால்நடை மருந்தகங்கள் ஊர்ப்பக்கம் முழுக்க இருக்கின்றன. தூரம் என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

[பெட்டிச் செய்தி] திராட்சைக் காட்டில் ஓர் எச்சரிக்கை

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் விளையும் கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பள்ளத்தாக்கின் வீடுகளில் திராட்சை கூடையில் கிடக்கும், தரையில் உருளும். ஓடுகிற குட்டி வாயில் கவ்வும் முதல் பொருள் அதுவாக இருக்கலாம்.

திராட்சையும் உலர்திராட்சையும் நாய்க்கு விஷம். சில நாய்கள் தப்பித்துக்கொள்ளும். சில நாய்களுக்குக் கொஞ்சமே போதும். ஒரு நாளுக்குள் வாந்தி, சோர்வு. இரண்டு மூன்று நாட்களில் சிறுநீரகம் செயலிழக்கும். காரணம் டார்டாரிக் அமிலமாக இருக்கலாம் என்று 2021-ல் அமெரிக்க நச்சு மருத்துவர்கள் எழுதினார்கள். அந்த அமிலம் நிறைந்த இன்னொரு பொருள் நம் அடுப்படிப் புளி. இரண்டையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் போங்கள். மருந்தடித்த திராட்சைத் தோட்டத்துக்குள் குட்டியை விடாதீர்கள்.

சங்கிலி என்ற சுலப வழி

அப்பத்தா சொன்னதைத்தான் பெரும்பாலான வீடுகள் கடைசியில் செய்கின்றன. கட்டிப்போடுகிறார்கள். உளுந்து தப்பிக்கிறது, குடம் தப்பிக்கிறது. அந்தச் சாயங்காலத்துக்கு அது தீர்வுதான்.

அடுத்த மாதம் என்ன ஆகிறது? காலை முதல் இரவு வரை நான்கடிச் சங்கிலியில் நிற்கும் குட்டி, அவிழ்த்த அந்தப் பத்து நிமிடத்தில் முன்னைவிடக் கண்மூடித்தனமாக ஓடும். ஓடுகிறதே என்று கட்டினோம். கட்டியதால் கூடுதலாக ஓடுகிறது. 'இதுக்கு அடங்கவே தெரியாது' என்று அவிழ்ப்பதும் நின்றுபோகிறது. தெருவில் போகும் பால்காரர், தபால்காரர், பள்ளிப் பிள்ளை எல்லோரையும் சங்கிலியின் நுனியில் நின்று பார்க்கும் நாய்க்கு விலகிப் போக வழியில்லை. அதற்குத் தெரிந்த ஒரே வழி குரைப்பதும் பாய்வதும். கோம்பை பிறவியிலேயே அந்நியரை நம்பாத இனம். முதல் மூன்று நான்கு மாதங்களில் பலவகை மனிதர்களையும் சத்தங்களையும் வண்டிகளையும் பார்த்துப் பழக வேண்டிய வயதில் அதைத் தூணில் கட்டினால், ஒரு வயதில் அது கடிக்கும் நாய். கட்டு அறுந்த ஒரு நாளில் யாரையாவது கடிக்கிறது. பிறகு தோட்டத்துக்கு அனுப்புகிறார்கள். அல்லது வண்டியில் ஏற்றி அடுத்த ஊர் எல்லையில் இறக்கிவிடுகிறார்கள்.

தெருநாய்ப் பிரச்சினை பற்றி நாடே பேசுகிறது. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் குறித்து உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டு, இரண்டு வாரத்துக்குள் அதைத் திருத்தியும் போட்டது. டீக்கடை வரைக்கும் வாதம் வந்தது. அந்த வாதத்தில் அதிகம் காதில் விழாத ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும்: தெருவில் திரியும் நாய்களில் ஒரு பகுதி, யாரோ ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஓடிய குட்டி.

சட்டம் இதை மறக்கவில்லை. 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11-ஆவது பிரிவில், நாயை நெடுநேரம் குட்டைச் சங்கிலியில் கட்டிவைப்பதைக் குற்றம் என்கிறது. வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயை ஓடியாட விடாமல் இருப்பதும் குற்றம் என்று தனியாகவே ஓர் உட்பிரிவு வைத்திருக்கிறது. கைவிடுவதும் குற்றம். எல்லாம் அருமை. முதல் தடவைக்கு அபராதம்? பத்து ரூபாய்க்குக் குறையாமல், ஐம்பது ரூபாய்க்கு மிகாமல். அறுபது வருடத்துக்கு மேலாகியும் அந்தத் தொகை அப்படியே இருக்கிறது. ஐம்பது ரூபாய்க்கு யாரும் பயப்படுவதில்லை, ஆகவே சங்கிலியின் நீளத்தையும் யாரும் அளப்பதில்லை.

காட்டுப் பக்கம் அவிழ்த்துவிடலாமா?

'ஊர்ப்பக்கத்தில் இடத்துக்கா பஞ்சம்? மலையடிவாரத்தில் அவிழ்த்துவிட்டால் ஓடிவிட்டு வரும்' என்பார்கள். இந்த யோசனைக்கு இப்போது காலமில்லை. திருவில்லிபுத்தூர்–மேகமலை 2021 முதல் புலிகள் காப்பகம். காட்டோரம் அவிழ்த்துவிட்ட வேட்டை நாய் மானைத் துரத்தினால் வழக்கு நாய்க்கு வராது, வளர்ப்பவருக்கு வரும். சிறுத்தைக்கு நாய் பிடித்தமான இரை. பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பியிலும், வேலியில் கள்ளத்தனமாகப் பாய்ச்சிய மின்சாரத்திலும் முதலில் சாவது பல நேரம் நாய்தான்.

அறுவடை முடிந்து தரிசாகக் கிடக்கும் வயல், கண்மாய்க் கரை, சுற்றுச்சுவர் உள்ள தென்னந்தோப்பு, இவை போதும். நீளமான கயிறு ஒன்று, இருபது முப்பது அடிக்கு, கழுத்தில் இல்லாமல் மார்புப் பட்டையில் கட்டி. சித்திரை வைகாசியில் காலை ஏழுக்கு முன்னும் மாலை ஆறுக்குப் பின்னும் மட்டும். தார்ச்சாலையில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாத சூட்டில் அதன் பாதமும் நிற்காது.

மேல்மாடிக் குட்டி, கீழ்வீட்டுக் கோபம்

தேனியில் வாங்கிய குட்டி சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்ச் சேர்கிறது. இரண்டு படுக்கையறை, மூன்றாவது மாடி. குட்டி ஓடும்போது கீழ்வீட்டுக் கூரையில் தடதடவென்று சத்தம். முதலில் வாட்ஸ்ஆப் குழுவில் முணுமுணுப்பு, பிறகு சங்கக் கூட்டம், அதற்கும் பிறகு 'நாய்க்கு அனுமதி இல்லை' என்ற பலகை. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, குடியிருப்போர் சங்கம் நாய் வளர்ப்பதைத் தடைசெய்ய முடியாது. அதே வழிகாட்டுதல், அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் வளர்ப்பவருக்கு நினைவூட்டுகிறது. முதல் பாதியை எல்லோரும் அச்சிட்டு வைத்திருக்கிறார்கள்.

கீழ்வீட்டுக்காரரின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரவு பதினொரு மணி ஓட்டத்தைத் தடுக்க ஒன்பது மணிக்கே குட்டியை வெளியே கூட்டிப்போய் வர வேண்டும். அதைச் செய்யாமல் சட்டம் பேசுவது வீண்.

என்னதான் செய்வது?

ஓடத் தொடங்கிவிட்டால் துரத்தாதீர்கள். நீங்கள் துரத்தினால் அது விளையாட்டு. கத்தினால் நீங்களும் சேர்ந்து குரைப்பதாக எடுத்துக்கொள்ளும். அடித்தால் உங்கள் கையைக் கண்டு ஒதுங்கக் கற்றுக்கொள்ளும், ஓட்டம் நிற்காது. பிள்ளைகளை நிற்கச் சொல்லுங்கள். அசையாமல் நிற்கும் காலில் குட்டிக்குச் சுவாரசியம் இல்லை. வெளிக்கதவு பக்கமாக நீங்கள் நடந்தால் பெரும்பாலும் அது உங்களைத் துரத்திக்கொண்டு வெளியே வந்துவிடும்.

ஓடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது இன்னும் முக்கியம். ஆறு மணிக்கு ஓடும் குட்டிக்கு ஐந்தரை மணிக்கு வேலை கொடுங்கள். நடை மட்டும் போதாது. வேட்டை நாய்க்கு மூக்கு களைத்தால்தான் உடம்பு களைக்கும். பழைய கோணிச்சாக்கின் மடிப்புகளுக்குள் அவித்த முட்டைத் துண்டுகளை ஒளித்து வையுங்கள். தேங்காய் மட்டைக் குவியலில் கொஞ்சம் ஈரலைப் போட்டுத் தேடவிடுங்கள். பத்து நிமிடம் மோந்து தேடிய குட்டி, தெருவை மூன்று சுற்றுச் சுற்றிய குட்டியைவிட அமைதியாகப் படுப்பதைப் பார்க்கலாம். சாப்பாட்டைத் தட்டில் கொட்டாமல் இப்படித் தேடித் தின்ன வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

விளையாட இன்னொரு நாய் கிடைத்தால் நல்லது. கோம்பை கூட்டமாக வேலை செய்த இனம்; அடுத்த வீட்டுக் குட்டியோடு புரண்டு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதையும் கற்றுக்கொள்ளும். எட்டு வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரித்த குட்டிகள் அதிகம் கடிப்பதற்கும் இந்தப் பாடம் கிடைக்காதது ஒரு காரணம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்கக்கூடாது என்பது 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம், விற்பனை விதிகளிலும் இருக்கிறது. சாலையோரம் அட்டைப் பெட்டியில் கண்ணே சரியாகத் தெரியாத குட்டியை நீட்டினால், பாவம் என்று வாங்காதீர்கள். வாங்குகிறவர் இருக்கும்வரை பெட்டியும் அங்கே இருக்கும்.

நாட்டு நாய் வாங்க நினைப்பவர்களுக்கு ஒரே வேண்டுகோள். குட்டியின் நிறத்தையும் முகவாயையும் பார்க்கும் முன்னால், வீட்டில் யார் காலையில் அரை மணி, மாலையில் அரை மணி ஒதுக்கப் போகிறார்கள் என்று ஒரு பெயரைச் சொல்லுங்கள். 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்று பதில் வந்தால் யாரும் பார்க்கப் போவதில்லை என்று அர்த்தம். அந்த வீட்டுக்குக் கோம்பை வேண்டாம்.